தோல்விக்கும் ஒரு கணக்கு வேண்டும்

உலகத்தில் எத்தனையோ விதமான துக்கங்கள் உண்டு. பயிர் கருகினால் துக்கம். வழக்குத் தோற்றால் துக்கம். நிச்சயமான கல்யாணம் நின்று போனால் துக்கம். இவற்றுக்கெல்லாம் வந்து விசாரிப்பதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். "என்ன செய்கிறது, நம் கையில் என்ன இருக்கிறது?" என்று சொல்லி, திண்ணையில் சற்று உட்கார்ந்து, ஒரு டம்ளர் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். துக்கமும் பாதி குறைந்துவிடும்.

விசாரிக்க நாதியில்லாத துக்கம் ஒன்று உண்டு. ஒரு கால்பந்து அணியிடம் அபிமானம் வைத்துவிட்டு, அந்த அணியை நடத்துகிறவர்கள் செய்யும் காரியங்களைப் பார்த்துக் கொண்டிருக்கும் துக்கமே அது. முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு வீட்டில் உட்கார்ந்தால், "யாரோ பதினொரு பேர் எங்கேயோ பந்தை உதைத்துத் தோற்றுப் போனார்கள். அதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து புறப்பட்டு வரும்.

நேயர்களே! அது லேசான கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். அணிகளின் நிர்வாகஸ்தர்களும் அபிமானிகளைப் பார்த்து மனத்திற்குள் கேட்கும் கேள்வி அதுவேதான். இந்த வாரம் அதற்குப் பதில் சொல்லப் பார்க்கலாம்.

* * *

தேனி ஜில்லாக்காரர்கள் கால்பந்துக்கு அபிமானிகளாவது கொஞ்சம் விசித்திரமான சங்கதிதான். இந்தப் பக்கத்தில் பந்து விளையாட்டு என்றால் பெரியகுளத்துக் கூடைப்பந்துதான் பிரசித்தம். தேசத்தின் பெரிய பெரிய அணிகளெல்லாம் அங்கே வந்து ஆடிவிட்டுப் போகும். கால்பந்தில் அப்படிச் சொல்லிக் கொள்ளும்படியான சொந்த அணி கிடையாது. ஆகையால் அபிமானத்தை வெளியூரிலிருந்துதான் தருவித்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

வடகிழக்கே ஏறக்குறைய ஐந்நூறு கிலோ மீட்டர் தூரத்தில் சென்னை. மேற்கே குமுளி மலையில் ஏறி இறங்கினால் அதில் பாதித் தூரத்துக்குள் கொச்சி. 2014-ம் வருஷம் இந்தியன் சூப்பர் லீக் என்ற பந்தயம் ஆரம்பமானபோது இரண்டு ஊர்களிலும் அணிகள் தோன்றின. சென்னை அணிக்கு நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் சொந்தக்காரர்களில் சேர்ந்தார்கள். கொச்சியைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட கேரள பிளாஸ்டர்ஸ் அணியில் சச்சின் டெண்டுல்கர் பங்கு எடுத்துக் கொண்டார். 2018-ல் அந்தப் பங்கை விட்டு விலகினார்.

பள்ளத்தாக்கின் வாலிபர்களில் சிலர் சென்னையின் நீலச் சட்டையைப் போட்டார்கள். கம்பம், கூடலூர்ப் பக்கத்தில், ஏலத்தோட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் மலையேறிப் போய் வருகிறவர்களின் பிள்ளைகள் சிலர் கொச்சியின் மஞ்சள் சட்டையைப் போட்டார்கள். ஒரே டீக்கடை பெஞ்சியில் நீலமும் மஞ்சளும் அடுத்தடுத்து உட்கார்ந்து கொண்டு சண்டை போட்டன. பத்து வருஷம் கழிந்த பிறகு பார்த்தால், சண்டை ஓய்ந்து போய், இரண்டு கட்சியும் ஒரே சுருதியில் புலம்பிக் கொண்டிருந்தன.

இதற்கிடையில் ரயில் பாக்கியம் வேறு கிடைத்தது. 2010-ம் வருஷக் கடைசியில் நின்று போன மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயிலுக்குப் பதிலாக, 2022 மே மாதம் தேனி வரையில் அகலப்பாதை ரயில் வந்து சேர்ந்தது. 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் சென்னைக்கும் நடுவே, வாரத்தில் மூன்று நாள், நேராகவே ஒரு ரயில் விட்டார்கள். நீலச் சட்டைக்காரர்கள் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதுவரையில் திரையில் மட்டும் பார்த்து வந்த தோல்வியை இனிமேல் நேரிலேயே போய்ப் பார்க்கலாம் அல்லவா?

* * *

தோல்வி என்று சொன்னேன். சென்னை அணி தோற்பதற்கென்றே பிறந்த அணியாயிருந்தால் கவலையே இல்லை. மழையே பெய்யாத ஊரில் குடை தொலைந்தால் யார் வருத்தப்படுவார்கள்? ஆனால் அந்த அணி இரண்டு தடவை கோப்பையைக் கொண்டு வந்த அணி.

2015 டிசம்பரில் சென்னைப் பட்டணத்தில் வெள்ளம் வந்து ஊரே தத்தளித்த சமயம். சொந்த மைதானத்தில் ஆட முடியாமல், அரை இறுதியின் முதல் ஆட்டத்தைப் புனாவில் போய் ஆடினார்கள். மூன்று கோல் போட்டு ஜயித்தார்கள். டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் கோவா இரண்டுக்கு ஒன்று என்று முந்திவிட்டது. நம்மவர்களில் பலர் திரையை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். அணைக்காதவர்கள் அடுத்த சில நிமிஷங்களில் இரண்டு கோல்களைக் கண்டார்கள். மூன்றுக்கு இரண்டு! வெள்ளத்தில் சாமான்களையெல்லாம் பறிகொடுத்த ஜனங்கள்கூட அன்றிரவு சிரித்தார்கள்.

மறுபடியும் 2018 மார்ச்சு 17-ம் தேதி. பெங்களூர் அணியை அதன் சொந்த ஊரிலேயே, அதன் ஜனங்களின் கண்ணெதிரே, அதே மூன்றுக்கு இரண்டு கணக்கில் வென்றார்கள்.

அடுத்த பருவத்தில் நடந்தது என்ன? அதே பயிற்சியாளர் ஜான் கிரிகரி. பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். பதினெட்டு ஆட்டங்களில் ஜயித்தது இரண்டு. கிடைத்த புள்ளிகள் ஒன்பது. பத்து அணிகளில் பத்தாவது ஸ்தானம். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரே வருஷத்தில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

இதையும் பொறுத்துக் கொள்ளலாம். விளையாட்டென்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். பொறுக்க முடியாதது அதற்குப் பின்னால் வந்தது. 2019 நவம்பரில் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தி, 2020 மார்ச்சு 14-ம் தேதி இறுதிப் பந்தயத்துக்கே கொண்டு போய்விட்டார். கொள்ளை நோய்க்குப் பயந்து ஜனங்களை உள்ளே விடாமல் நடத்திய அந்தப் பந்தயத்தில் கல்கத்தா அணியிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனாலும் மனம் குளிர்ந்திருந்தது. "சரியான ஆள் கிடைத்துவிட்டார். அடுத்த வருஷம் பாருங்கள்!" என்று சொல்லிக் கொண்டோம்.

அடுத்த வருஷம் பார்த்தோம். காயில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டிருந்தார். போனவர் தனியாகவும் போகவில்லை. அந்தப் பருவத்தில் பதினைந்து கோல் போட்ட வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியா வீரரும் கூடவே போய்விட்டார். சமையற்காரரையும் விட்டுவிட்டு, அண்டாவையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டு, பந்தி போடப் புறப்பட்ட கல்யாண வீட்டுக்காரரைப் போலச் சென்னை அணி புதுப் பருவத்தில் இறங்கியது. பலன், எட்டாவது ஸ்தானம். அடுத்த வருஷமும் எட்டு. அதற்கடுத்த வருஷமும் எட்டு. வாய்ப்பாட்டில்கூட எட்டு இப்படிப் பிடிவாதமாய் நின்றதில்லை!

அந்த மூன்று எட்டுகளுக்கும் மூன்று பயிற்சியாளர்கள். முதலில் லாஸ்லோ, பிறகு பாண்டோவிச், பிறகு பிர்டாரிச். பெயர்களை உச்சரிக்கப் பழகுவதற்குள் ஆள் மாறிவிடும். கடைசியில், 2023-ல், யாரைப் போகவிட்டார்களோ அந்தக் காயிலையே திரும்ப அழைத்து வந்தார்கள். அதே கோடையில், இளம் பிள்ளையாக வந்து சேர்ந்து அணித் தலைவராகவே வளர்ந்துவிட்ட அனிருத் தாப்பா, மோகன் பகானுக்குப் போனார். காயில் வந்த முதல் வருஷம் ஆறாவது ஸ்தானம். இரண்டாவது வருஷம், பதின்மூன்று அணிகளில் பதினோராவது. 2025-ல் அவரும் போய், கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார்.

* * *

இந்த இடத்தில் கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வராமற் போகாது.

2017 முதல் 2025 வரையில் எட்டு வருஷம். அதற்குள் சென்னை அணி செய்த பயிற்சியாளர் நியமனங்கள், இடைக்கால ஏற்பாடுகளைச் சேர்க்காமல், ஏழு. 1887 முதல் 1895 வரையிலும் எட்டு வருஷந்தான். அந்த எட்டு வருஷத்தில் மேற்கு மலையின் உச்சிக் காட்டில் பெரியாற்றுக்குக் குறுக்கே ஓர் அணை எழுந்தது. மேற்கே பாய்ந்து கடலில் விழுந்து கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பிற்று. அணை வேலையின்போது தற்காலிகமாகப் போட்ட கரைகளை வெள்ளம் அடித்துக் கொண்டு போயிற்று. காய்ச்சலில் மனிதர்கள் செத்தார்கள். முதல் வெள்ளத்தில் கரை போனவுடனே பென்னி குயிக்கைச் சீமைக்குக் கப்பலேற்றிவிட்டு, "இனிமேல் லாஸ்லோவைக் கூப்பிடு, அப்புறம் பாண்டோவிச்சைக் கூப்பிடு" என்று ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூடலூரிலும் சின்னமனூரிலும் நெல் விளைந்திருக்காது. மதுரைச் சீமை வரையில் வாய்க்கால் காய்ந்து கிடந்திருக்கும்.

பென்னி குயிக் ஆங்கிலேயர். நம்மை அடக்கி ஆண்ட சர்க்காரின் உத்தியோகஸ்தர். தேசபக்தியில் இந்தப் பள்ளத்தாக்கு யாருக்கும் இளைத்ததல்ல. என்றாலும் அவருடைய படத்தை டீக்கடையில் மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜனவரி 15-ம் தேதி, அவர் பிறந்த நாளில், பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் அதே தேதியன்று லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஆகவே, "அன்னிய நாட்டுப் பயிற்சியாளர்கள் வந்ததால் கெட்டுப் போயிற்று" என்று புலம்புவது எங்கள் வழக்கம் அல்ல. எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதைப் பற்றிக் கவலையில்லை. வந்தவரை ஒரு காரியத்தில் நிற்கவிட்டார்களா என்பதே கேள்வி. ஆளைத் தெரிந்தெடுத்துக் காரியத்தை அவனிடம் விடுவது பற்றி வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கால்பந்துக் கழகத்தின் அலமாரியிலாவது அந்தப் புத்தகம் இருக்குமா என்பது சந்தேகம்.

* * *

நீலச் சட்டைக்காரர்களின் புராணம் இது. மஞ்சள் சட்டைக்காரர்களின் புராணம் இதைவிட உருக்கமானது. கம்பத்தில் ஒரு வாலிபர் சொன்னார்:

"அண்ணே, உங்களுக்காவது ரெண்டு கோப்பை இருக்கு. எங்களுக்கு மூணு தடவை வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போயிருச்சு."

அவர் சொன்னது முற்றும் உண்மை. 2014-லும் 2016-லும் 2022-லும் கேரள அணி இறுதிப் பந்தயம் வரையில் போய்த் தோற்றது. 2025 வரையில் சூப்பர் லீக் கோப்பை அதன் கைக்கு வரவில்லை. அதற்குள் பத்துப் பேருக்கு மேல் பயிற்சியாளர்கள் வந்து போய்விட்டார்கள். 2023 மார்ச்சு 3-ம் தேதி பெங்களூரில் நடந்த விசித்திரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூடுதல் நேரத்தில் பெங்களூரின் சுனில் சேத்ரி, எதிர்க் கட்சியார் தயாராவதற்கு முன்பே ஒரு பிரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். நடுவரும் அது கோல்தான் என்றார். கேரளப் பயிற்சியாளர் வுகோமனோவிச் கோபங்கொண்டு, தம் ஆட்டக்காரர்களை மைதானத்தைவிட்டே அழைத்துக் கொண்டு போய்விட்டார். கழகத்துக்கு நாலு கோடி ரூபாய் அபராதம். அவருக்குப் பத்து ஆட்டங்களில் தடை. ஆனாலும் அவர் இருந்த மூன்று பருவங்களிலும் அணி பட்டியலின் மேல் பாதியைத் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போயிற்று. ஜனங்கள் அவரிடம் உயிரை வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அவர் விலகினார். அடுத்து வந்த ஸ்வீடன்காரர் ஸ்டாரே, பருவம் பாதி முடிவதற்குள் டிசம்பரில் நீக்கப்பட்டார். மஞ்ஞப்பட என்ற அபிமானிகள் சங்கம் நிர்வாகத்தைப் பகிரங்கமாகவே கண்டித்தது.

நீலமும் மஞ்சளும் ஒரே சுருதியில் புலம்புவதற்குக் காரணம் இதுதான். மலைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் வியாதி ஒன்றேதான்.

கோயமுத்தூர்ப் பக்கத்தில் நடந்தது இன்னும் பரிதாபம். சென்னை சிட்டி என்ற பெயர் பெற்று, கோயமுத்தூரில் ஆடி வந்த ஓர் அணி, 2019 மார்ச்சு 9-ம் தேதி ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கு வாங்கிற்று. "ஆகா! கோவை எங்கே, பாசல் எங்கே!" என்று பூரித்துப் போனோம். 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த அணியின் பெயரே இல்லை. பட்டம் வாங்கி மூன்று வருஷம் நிறைவதற்குள் பட்டியலிலிருந்தே போய்விட்டது. அதற்குக் கைதட்டிய ஜனங்களைக் கூப்பிட்டு, "இன்ன காரணத்தால் இப்படி ஆயிற்று" என்று உட்கார்த்தி வைத்துச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

* * *

"தனியார் பணம் போட்டு நடத்தும் கழகங்கள் அப்படித்தான் இருக்கும். தேசத்தின் அணியைப் பாருங்கள்" என்று சிலர் சொல்லக் கூடும். பார்க்கலாம்.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தில் காலா காலத்தில் தேர்தல் நடக்காமற் போய், சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு நிர்வாகக் குழு ஒன்றை நியமிக்க வேண்டியதாயிற்று. வெளியார் தலையீடு என்று சொல்லி, உலகச் சம்மேளனமான ஃபிஃபா, நாடு சுதந்திரத்தின் எழுபத்தைந்தாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2022 ஆகஸ்டு மாதத்தின் நடுவிலே, இந்தியாவைத் தள்ளி வைத்தது. பத்து நாளைக்குப் பிறகு தடை நீங்கிற்று. செப்டம்பர் 2-ம் தேதி தலைவர் தேர்தல். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான பாய்ச்சுங் பூட்டியா போட்டியிட்டார். மொத்தம் பதிவான முப்பத்து நாலு வோட்டில் அவருக்கு விழுந்தது ஒன்று!

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய அணியின் பயிற்சியாளர் ஸ்டிமாச்சுக்கு 2023 அக்டோபரில் 2026 வரையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். 2024 ஜூன் மாதத்தில் அவரை நீக்கினார்கள். நஷ்டஈடாக நாலு லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. அடுத்து நியமித்த மார்க்கேஸ், அதே சமயத்தில் கோவா கழகத்துக்கும் பயிற்சியாளராயிருந்தார். இரண்டு வீட்டுக்கு ஒரே சமயத்தில் பொங்கிப் போட ஒரே ஆள்! அவர் பொறுப்பில் தேசிய அணி ஆடிய எட்டு ஆட்டங்களில் ஜயித்தது ஒன்று. ஓய்வு பெற்றுவிட்ட சேத்ரியை, நாற்பது வயதில், மறுபடியும் அழைத்துக் கோல் போடச் சொல்ல வேண்டி வந்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றதும், 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாசலும் அடைபட்டது.

சூப்பர் லீக்கை நடத்துவதற்காக 2010-ல் செய்து கொண்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ம் தேதி முடிய வேண்டும். அது பதினைந்து வருஷத்துக்கு முன்பே தெரிந்த தேதி. தீபாவளியைப் போலத் திதி பார்த்து மாறுகிற தேதி அல்ல. அப்படியிருந்தும், ஜூலை 11-ம் தேதி, "புதிய ஒப்பந்தம் ஏற்படவில்லை, ஆகையால் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று கழகங்களுக்குத் தகவல் வந்தது. ஆகஸ்டில் சென்னைக் கழகம் தன் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. லீக்கை நடத்த யார் முன் வருகிறீர்கள் என்று சம்மேளனம் டெண்டர் கேட்டபோது ஒருவர்கூட வரவில்லை. அந்த வருஷம் முடியும் வரையில் சூப்பர் லீக் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. தோற்பதற்குக்கூடக் கொடுத்து வைக்க வேண்டும் என்பதை அபிமானிகள் அப்போதுதான் தெரிந்து கொண்டார்கள்.

* * *

"இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்கு இப்போது வரலாம்.

1911 ஜூலை 29-ம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர மற்றவரெல்லாம் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்று கேடயத்தை வாங்கியது. அன்று மைதானத்தில் ஆடியவர்கள் பதினொரு பேர். ஜயித்தது தேசம். அந்த மைதானத்தைக் கண்ணால் பாராத லட்சக்கணக்கான ஜனங்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பதினொரு பேருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஜயித்தால் சம்பந்தம் உண்டு. தோற்றால் மட்டும் இல்லை என்பது எந்த நியாயம்?

அந்த மோகன் பகானிலிருந்தே இன்னொரு திருஷ்டாந்தமும் கிடைக்கிறது. 2020-ல் அதை ஏ.டி.கே. என்ற வேறொரு கழகத்துடன் சேர்த்து, ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பெயருக்கு முன்னால் ஒட்டுப் போட்டதை அபிமானிகள் சகிக்கவில்லை. "அந்த மூன்று எழுத்தை எடு" என்று விடாமல் கிளர்ச்சி செய்தார்கள். அணி ஜயித்த போதும் செய்தார்கள். தோற்ற போதும் செய்தார்கள். 2023 மார்ச்சு 18-ம் தேதி கோப்பையை வென்ற இரவில், சொந்தக்காரரே அந்த எழுத்துக்களை எடுத்துவிடுவதாக அறிவித்தார்.

ஜெர்மனியில் இதற்கு லீக்கின் விதியே இருக்கிறது. அநேகமாக எல்லாக் கழகங்களிலும் வோட்டில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களின் கையில் இருக்க வேண்டும். 2024-ன் ஆரம்பத்தில் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலாளிகளுக்குக் கொடுக்கப் பார்த்தபோது, அபிமானிகள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளையும் தங்கக் காகிதம் சுற்றிய மிட்டாய்க் காசுகளையும் வீசி, ஆட்டத்தைப் பல தடவை நிற்க வைத்தார்கள். பிப்ரவரி மாதத்திலேயே அந்த யோசனை கைவிடப்பட்டது. கல்லெறியவில்லை, மண்டை உடைக்கவில்லை. மிட்டாய் எறிந்தே காரியத்தைச் சாதித்தார்கள். மகாத்மா பார்த்திருந்தால் சிரித்துக் கொண்டே ஆசீர்வதித்திருப்பார்.

நம் அபிமானிகள் கேட்க வேண்டியது பெரிய வரம் ஒன்றும் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கருக்குப் பெரியாற்று மதகு திறக்கும்போது, இன்ன தேதி முதல், இத்தனை நாளைக்கு, இத்தனை கன அடி என்று உத்தரவு வெளியாகிறது. விவசாயி அணையைக் கட்டவில்லை. மதகின் சாவியும் அவனிடம் இல்லை. ஆனாலும் திறக்கிற தேதி தள்ளிப் போனால், "ஏன் தள்ளிற்று?" என்று கேட்க ஓர் ஆபீஸ் இருக்கிறது, பதில் சொல்ல ஓர் உத்தியோகஸ்தர் இருக்கிறார். பதில் பிடிக்காமல் போகலாம். கேள்விக்கு இடம் இருக்கிறது.

கால்பந்துக் கழகங்களும் சம்மேளனமும் அந்த மட்டுக்காவது வரக் கூடாதா? ஒரு பயிற்சியாளரை நீக்கினால், காரணத்தை நாலு வரியில் அச்சிட்டுச் சொல்லட்டும். நல்ல ஆட்டக்காரரை விட்டுக் கொடுத்தால், அவருக்குப் பதில் யார் என்று சொல்லட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அபிமானிகளின் சபையைக் கூட்டி, வரவு செலவையும் வருங்கால யோசனையையும் வாசிக்கட்டும். சபையில் கூச்சல் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். கிராமத்துக் கோயில் திருவிழாக் கணக்கு வாசிக்கும்போது இல்லாத கூச்சலா? அவ்வளவு கூச்சலுக்குப் பிறகும் அடுத்த வருஷம் திருவிழா நடக்கத்தானே செய்கிறது? வரி கொடுத்தவன் கணக்குக் கேட்டால், அவன் கோயிலை இடிக்க வந்தவன் என்று யாரும் நினைப்பதில்லை.

இதில் கோப்பையைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. தேனியிலும் உத்தமபாளையத்திலும் சாயங்கால வேளையில் காய்ந்த வயலில் பந்து உதைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். தோற்ற அணியின் சட்டையையும் அவர்கள் போட்டுக் கொண்டுதான் ஆடுகிறார்கள். தோல்வியைக் கண்டு பையன்கள் ஓடிப் போவதில்லை. தேசத்தின் பெரிய பந்தயமே ஒரு நாள் காரணம் தெரியாமல் நின்று போகும் என்று கண்டால், "இந்த ஆட்டம் நமக்கெதற்கு?" என்று அவர்களுடைய தாய் தகப்பனார் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மைதானம் காலியாகிவிடும்.

தோற்காமலேயிருக்கும் வரத்தை எந்த அணியிடமும் யாரும் கேட்க முடியாது. தோற்றதற்குக் கணக்குக் கேட்கும் உரிமைக்குத்தான் சுயராஜ்யம் என்று பெயர். தேசத்தில் அதை 1947-ல் அடைந்துவிட்டோம். கால்பந்து மைதானத்தில் இன்னும் பாக்கியிருக்கிறது.